கையோடு கையாக

வலது சினைப்பையில் கட்டி.
ஆரஞ்சுப் பழ அளவு என்றேன்.
உலியஸ்தாயில் ஆரஞ்சு வருவது அபூர்வம்.
"பிறந்த குட்டியின் தலை அளவா?" என்றாள் துலம்சுரேன்.
ஆமாம், ஏறக்குறைய.

"அதை எடுக்கும்போது
கையோடு கையாகக் குடல்வாலையும் எடுத்துவிடலாம்.
விருப்பமென்றால் மட்டும்."
"கெட்டுப்போயிருக்கிறதா?"
"இல்லை."
"கெட்டுப்போகுமா?"
"பெரும்பாலும் இல்லை."
"பிறகு?"

சுவரில் மாகாண வரைபடம்.
அவளுடைய குளிர்கால முகாமிலிருந்து என் மேஜைக்கு
நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர்,
நடுவே ஒரு கணவாய்.
நவம்பரில் மூடினால் மார்ச்சில் திறக்கும்,
அதற்கும் அதன் மனசு வேண்டும்.
வீங்கிய குடல்வாலோ
ஒன்றரை நாள் தவணை தரும். மிஞ்சினால் இரண்டு.
எந்த ஆஸ்பத்திரிக்கும் பக்கத்தில் இருப்பவளாக இருந்தால்
இந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டேன் என்றேன்.

அவள் வரைபடத்தைப் பார்க்கவில்லை.
"எங்கள் ஆடுகளுக்கு வாலில்தான்
குளிர்காலம் இருக்கிறது டாக்டர்.
கொழுப்பெல்லாம் அங்கே.
வால் சிறுத்த ஆடு பிப்ரவரியைப் பார்க்காது.
என்னுடைய வாலில் என்ன இருக்கிறது?"

ஒன்றுமில்லை என்றுதான் எனக்குக் கற்பித்தார்கள்.
இப்போது சொல்கிறார்கள்:
பேதி அடித்துப் போகும் நாட்களில்
நல்ல கிருமிகள் ஒதுங்கி நிற்கும்
கொட்டகையாக அது இருக்கலாம்.
அந்த 'லாம்' மேல்
எவ்வளவு எடை வைப்பதென்று
எனக்குத் தெரியாது. அதையும் சொன்னேன்.

இரண்டு பேரைப் பற்றிச் சொன்னேன், பெயரில்லாமல்.
ஒருவர், பித்தப்பைக் கல்லுக்கு நான் வயிறு திறந்தவர்.
குடல்வால் வெளிறி, சாதுவாகக் கிடந்தது.
விட்டுவிட்டேன்.
ஆறு வருடம் கழித்து,
ஜுத் என்று நாங்கள் சொல்லும் கொலைப்பனியில்,
டிராக்டரில் கொண்டுவந்தார்கள்.
தாமதம்.
என் தையல் தழும்பை நானே அடையாளம் கண்டேன்.

இன்னொருத்தி. கேட்டு, சம்மதம் வாங்கி எடுத்தேன்.
அடிக்கட்டை கசிந்தது.
மூன்று வாரக் காய்ச்சல்.
நோயே இல்லாத இடத்தில்
நான் கொண்டுபோய் வைத்த நோய்.

அவள் அரிது. அவரும் அரிதுதான்.

"பயமுறுத்துகிறீர்கள்" என்றாள் செவிலி பதம்ஹந்த்,
ரத்த அழுத்தப் பட்டையைச் சுருட்டிக்கொண்டே.
"எந்தப் பக்கம்?"
"இரண்டு பக்கமும்."

துலம்சுரேன் கையெழுத்துப் போட்டாள், ஒரு நிபந்தனையோடு:
கைக்கு எட்டினால் எடுங்கள்.
எட்டாவிட்டால் தேடிக்கொண்டு போகாதீர்கள்,
தொலைந்த ஒட்டகமா அது.

வியாழக்கிழமை.
கட்டி உடையாமல் வந்தது, உள்ளே தெளிந்த நீர்.
குடல்வால் தானே எட்டிப் பார்த்தது,
சுண்டுவிரல் நீளம்,
மேலே சிவப்பு நூலாக ஒரு நரம்பு.
கட்டினேன். வெட்டும் முன் கை ஒரு கணம் நின்றது.
குற்றம் செய்யாத ஒன்றை வெட்ட
கத்திக்கும் கூச்சம் உண்டு.
சுவர்க் கடிகாரத்தில் ஏழு நிமிடம்.

ஆய்வக அறிக்கை: இயல்பான திசு.

கணவாய் அவ்வருடம் அக்டோபரிலேயே மூடியது.
அவளிடமிருந்து செய்தி இல்லை.
வராத வலியை எழுத
எங்கள் படிவங்களில் கட்டம் கிடையாது.
வந்திருக்கவே வந்திருக்காதோ என்னவோ.
சில இரவுகளில் வரைபடத்தைத் திருப்பி மாட்டலாமா
என்றுகூடத் தோன்றியது.

ஏப்ரலில் ஒரு லாரிக்காரர்
துணியில் சுற்றிய பொதியொன்றை இறக்கினார்.
கொழுத்த ஆட்டு வால்,
உறைந்து கல்லாகி.
"வாலுக்கு வால்" என்று சொல்லச் சொன்னாளாம்.

பதம்ஹந்த் குழந்தைகள் தராசில் வைத்துப் பார்த்தாள்.
நான்கு கிலோ இருநூறு.
பதிவேட்டைப் புரட்டினேன்.
அவளுடையது ஆறு கிராம்.